டிசி-3 இல்லை, அதற்கும் 16 வருடம் மூத்தது

கேள்வி இதுதான்: "உலகின் முதல் முழு உலோகப் பயணிகள் விமானம் டிசி-3 தானே? அப்படியென்றால் அதற்கு முந்தைய சில விமானங்களின் உடம்பு ஏன் தகரக் கூரை மாதிரி வரிவரியாக இருக்கிறது? அந்த வரிகள் பிறகு எங்கே போயின?"

டிசி-3 இல்லை. அது முதன்முதலாகப் பறந்தது 1935 டிசம்பரில். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் 1933-இல் வந்த போயிங் 247-ஐச் சொல்வார்கள். இன்னும் பின்னால் போகிறவர்கள் 1926-இல் வந்த ஃபோர்டு டிரைமோட்டாரைச் சொல்வார்கள். மூன்றுமே அமெரிக்க விமானங்கள். விமான வரலாற்றை ஆங்கிலம் வழியாகவே படித்து வளர்ந்ததால் நமக்கு வந்த பழக்கம் இது. உண்மையில் முதலாவது, ஜெர்மனியின் டெஸாவ் நகரில் 1919 ஜூன் 25 அன்று எமில் மொன்ட்ஸ் என்ற விமானி மேலே ஏற்றிய யுங்கர்ஸ் எஃப் 13. (ஜங்கர்ஸ் என்று படித்திருப்பீர்கள், அதேதான்.) முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி வெர்சாய் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது ஜூன் 28-ஆம் தேதி. மூன்று நாள்தான் இடைவெளி. இந்த விமானத்துக்குப் பின்னால் நேர்ந்த பல சங்கடங்களுக்கு அந்த மூன்று நாள் இடைவெளியே போதுமான முன்னறிவிப்பு.

நான் விமானப் பராமரிப்பில் தகடு வேலை பார்த்தவன். அதனால் வேகம், உயரம், சாதனை இவற்றைவிட இது எதனால் செய்யப்பட்டது, எப்படித் தாங்கியது என்பதில்தான் என் கண் போகும். அந்தக் கோணத்திலேயே சொல்கிறேன்.

ஹூகோ யுங்கர்ஸ் விமானக்காரராகத் தொடங்கியவர் அல்ல. 1859-இல் பிறந்தவர். வெப்பவியல் பொறியாளர், ஆகன் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர். டெஸாவில் அவர் நடத்திய தொழிற்சாலை குளியலறைக்கு வெந்நீர் போடும் கேஸ் அடுப்புகளைச் செய்து விற்றது. இன்றைய பேச்சில் சொன்னால், கெய்சர் கம்பெனி. மெல்லிய தகட்டை வளைத்து, மடித்து, கசியாமல் பொருத்துவது அங்கே அன்றாடத் தொழில். ஏறத்தாழ 50 வயதில்தான் இவருக்கு விமானத்தில் ஈடுபாடு வருகிறது. 1910-இல் தடித்த இறக்கை ஒன்றுக்குக் காப்புரிமை வாங்குகிறார். அந்தக் காலத்து விமானங்களில் இறக்கை பலகைபோல மெல்லியதாக இருக்கும். தனியாக நிற்காது என்பதால் மேலும் கீழும் கம்பி இழுத்துக் கட்டியிருப்பார்கள். பந்தல் கால் நட்டுக் கயிறு கட்டுவது மாதிரி. யுங்கர்ஸ் கேட்டது ஒன்றுதான்: இறக்கையையே தடிமனாக்கி, பலத்தை அதற்குள்ளேயே வைத்துவிட்டால் வெளியே இந்தக் கம்பிக்காடு எதற்கு?

1915 டிசம்பரில் அதைச் செய்தும் காட்டினார். ஜே 1 என்று பெயர், முழுக்க இரும்புத் தகடு. பறந்தது, ஆனால் கனம். மேலே ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. ஜெர்மன் விமானிகள் அதற்கு வைத்த பட்டப்பெயர் "தகரக் கழுதை". கேலிதான் என்றாலும், உலோகத்தால் ஒரு விமானம் முழுவதையும் செய்ய முடியும் என்பதற்கு அந்தக் கழுதைதான் சாட்சி. இரும்பின் இடத்தில் கனம் குறைந்த வேறொன்று வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வேறொன்று ஏற்கெனவே இருந்தது. ஆல்ஃபிரெட் வில்ம் என்ற உலோகவியலாளர் 1906-இல் அலுமினியத்தோடு கொஞ்சம் தாமிரம், சிறிதளவு மெக்னீசியம், மாங்கனீசு சேர்த்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, கடினத்தை அளந்தார். பெரிய முன்னேற்றம் இல்லை. வார இறுதி கழித்து வந்து அதே துண்டை மறுபடி அளந்தால் கடினம் ஏறியிருக்கிறது என்பது உலோகவியல் வகுப்புகளில் தவறாமல் சொல்லப்படும் கதை. யாரும் தொடாமல், மேசை மேல் சும்மா கிடந்தே உலோகம் இறுகியிருக்கிறது. டியூரன் ஊர் ஆலை அதைத் தயாரித்ததால் டியூரலுமின் என்று பெயர் வந்தது.

இந்த விஷயத்தை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் கையால் தெரிந்துகொண்டேன். பட்டறையில் சேர்ந்த முதல் வாரம் ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே டப்பா டப்பாவாக ரிவெட், அதாவது தகடுகளைச் சேர்த்து அடிக்கும் ஆணி. கிண்டல் செய்கிறார்கள் என்றே நினைத்தேன். சூடேற்றிக் குளிர்வித்த ரிவெட்டை வெளியே வைத்தால் கொஞ்ச நேரத்தில் இறுகத் தொடங்கிவிடும். அதற்கப்புறம் அடித்தால் தலை பிளக்கும். குளிரில் வைத்தால் இறுகுவது மட்டுப்படும். எடுத்த கையோடு, மிருதுவாக இருக்கும்போதே அடித்துவிட வேண்டும். அடித்த பிறகு, அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு, தானே இறுகிக்கொள்ளும். வில்மின் மேசையில் நடந்த அதே சமாச்சாரம்தான்.

இனி அந்த வரிகள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம் மாதிரி வையுங்கள். தொங்கும். அதே தாளை விசிறி மடிப்பாக மடித்து வையுங்கள். மேலே ஒரு பேனாவைக்கூடத் தாங்கும். தாளின் எடை கூடவில்லை, ஆழம் கூடியிருக்கிறது. டியூரலுமின் தகட்டை விமானத்துக்கு ஏற்றபடி மெல்லியதாக எடுத்தால், தட்டையாக இருக்கும்போது அழுத்தினால் 'டொக்' என்று உள்வாங்கிவிடும். அலையலையாக நெளித்துவிட்டால் நிற்கும். உள்ளே நிறைய தாங்குசட்டம் வைக்க வேண்டியதில்லை. வீட்டுத் தகரக் கூரையில் நெளிவு இருப்பதற்கும் இதே காரணம்தான். கெய்சர் தயாரித்தவருக்கு இது தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு, பலரும் கவனிக்காத சிக்கல். காற்று தடையில்லாமல் ஓட வேண்டுமானால் வரிகள் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு ஓட வேண்டும். ஆனால் பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையப் பார்ப்பது அதன் நீளவாட்டில், அதாவது வரிகளுக்குக் குறுக்கே. விசிறி மடிப்புத் தாளைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள், அந்தப் பக்கம் துளியும் பலமில்லாமல் துருத்தி மாதிரி விரியும். ஆகவே எஃப் 13-இன் தோல் முறுக்கத்தைத் தாங்கியது, வளைவைத் தாங்கவில்லை. வளைவைத் தாங்க இறக்கைக்குள் ஒன்பது டியூரலுமின் குழாய்களை நீளவாட்டில் ஓடவிட்டு, குறுக்குக் கம்பிகளால் பின்னியிருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான், முழுமையான ஏற்பாடு இல்லை. வரிகள் பிறகு காணாமல் போனதற்கான விதை இங்கேயே இருக்கிறது.

விமானத்தை வடிவமைத்தவர் யுங்கர்ஸிடம் வேலை பார்த்த ஓட்டோ ராய்ட்டர். போர் முடிந்த கையோடு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்தால்தான் இவருடைய வேலையின் அருமை தெரியும். 1919 ஆகஸ்டில் லண்டன்–பாரிஸ் தினசரி சேவை தொடங்கியபோது பறந்தவை, குண்டுவீச்சு விமானத்திலும் அதன் வழிவந்த வடிவத்திலும் இருக்கை வைத்து மூடி போட்டவை. மரம், துணி, கம்பி. எஃப் 13-ஐப் பயணிக்காகவே வெள்ளைத்தாளில் தொடங்கி வரைந்தார்கள். தாழ்வான ஒற்றை இறக்கை. அதன்மேல் கால் வைத்து ஏறி, பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனால் நான்கு பேர் உட்காரலாம். முன்னால் தனித்தனி நாற்காலி இரண்டு, பின்னால் இருவர் அமரும் சோபா. ஜன்னல் கண்ணாடி. கணப்பு. இடுப்பு பெல்ட்டும் இருந்தது, அன்றைக்கு அது அபூர்வம். ஏறத்தாழ ஒரு நல்ல மோட்டார் காரின் உட்புறம்.

விமானிகள் இருவரும் மட்டும் முன்னால், பாதி திறந்த இடத்தில், தோல் கோட்டும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு காற்றில் உட்கார்ந்திருந்தார்கள். கோச்சு வண்டியில் துரைமார் உள்ளேயும் வண்டிக்காரர் வெளியேயும் இருப்பாரே, அதே ஏற்பாடு. முகத்தில் காற்றடித்தால்தான் விமானம் சறுக்குகிறதா என்று தெரியும் என அக்காலத்து விமானிகளே விரும்பி வெளியே உட்கார்ந்ததும் உண்டு.

இறக்கையைக் கீழே வைத்ததற்கு யுங்கர்ஸ் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தமானது. இஞ்சின் நின்று வயலில் இறங்க நேர்ந்தால் முதல் அடியை இறக்கை வாங்கிக்கொள்ளும், மேலே இருக்கும் மனிதர்களுக்கு அடி குறையும். தண்ணீரில் விழுந்தால் இறக்கை மிதக்கும். 1919-இல் இஞ்சின் நிற்பது அதிசயமல்ல, நிற்காமல் ஊர் போய்ச் சேர்வதுதான் அதிசயம். முதல் விமானத்தில் இருந்தது மெர்சிடிஸ் இஞ்சின். பிறகு 185 குதிரைத்திறன் பிஎம்டபிள்யூ போட்டார்கள். அந்தப் பலத்தை வைத்துக்கொண்டு 1919 செப்டம்பர் 13 அன்று, யுங்கர்ஸின் மகள் பெயரைக் கொண்ட "அன்னெலீஸ்" என்ற எஃப் 13 எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு 6,750 மீட்டர் உயரத்துக்குப் போனது. ஜெர்மனி அப்போது சர்வதேச விமான சம்மேளனத்தில் இல்லை, அதனால் உலக சாதனையாகப் பதிவாகவில்லை.

இப்போது என் முக்கியமான கருத்துக்கு வருகிறேன். உலோக விமானம் ஜெயித்தது அதன் பலத்தால் என்று பொதுவாக எழுதுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நன்றாகச் செய்த மர விமானமும் பலமானதே, பல சமயம் எடையும் குறைவு. உலோகம் ஜெயித்தது ஆகாயத்தில் இல்லை, தரையில். மர விமானத்தை மழையில் விட முடியாது. பசை இளகும், மரம் உப்பும், துணி தொய்யும், வெயிலில் மேற்பூச்சு வெடிக்கும். அதற்குக் கொட்டகை வேண்டும், கொட்டகைக்குக் காவல் வேண்டும், சில மாதத்துக்கு ஒருமுறை தச்சரும் தையல்காரரும் வேண்டும். ஒரு விமான நிறுவனத்தின் காசு பறப்பதில் போவதைவிட நிற்பதில் அதிகம் போகும். எஃப் 13-ஐ வெட்டவெளியில் கட்டிப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். காலையில் வந்து துடைத்துவிட்டுக் கிளப்பலாம்.

இதைக் காட்ட கொலம்பியாவைவிட நல்ல உதாரணம் இல்லை. 1919 டிசம்பர் 5 அன்று பாரங்கியா துறைமுக நகரில் கொலம்பியர்களும் அங்கே குடியேறிய ஜெர்மானியர்களும் சேர்ந்து ஸ்காட்டா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு நல்ல சாலை கிடையாது, தொடர்ச்சியான ரயிலும் கிடையாது. இருந்த ஒரே வழி மக்தலேனா ஆறு. நீராவிப் படகில் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். தண்ணீர் வற்றிப் படகு மணல் திட்டில் ஏறிவிட்டால் மழை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். எஃப் 13-இன் சக்கரங்களைக் கழற்றிவிட்டு மிதவைகளை மாட்டினார்கள். ஆறே ஓடுதளம் ஆனது. 1920 அக்டோபரில் ஹெல்முட் ஃபான் குரோன் பாரங்கியாவிலிருந்து ஆற்றைப் பிடித்துக்கொண்டே உள்நாட்டில் இருக்கும் ஹிரார்தோத்துக்குப் போனார். படகில் ஒரு வாரம் பிடித்த பயணம் பகல் வெளிச்சத்துக்குள் முடியத் தொடங்கியது.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், புழுக்கம், கொசு, கொட்டும் மழை, இரவு முழுக்கத் தண்ணீரிலேயே நிற்கும் விமானம். மரமும் துணியுமாக இருந்திருந்தால் எத்தனை மாதம் தாங்கியிருக்கும்? ஸ்காட்டா நின்றுபிடித்தது. தனக்கென்று தபால்தலையே அச்சடித்து விற்றது. அந்தத் தபால்தலைகளைச் சேகரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதன் வாரிசான ஆவியாங்கா இன்றும் பறக்கிறது. விலையும் கொடுத்தார்கள். 1924 ஜூன் 8 அன்று "தோலிமா" என்ற எஃப் 13 பாரங்கியாவில் விழுந்ததில் ஃபான் குரோனும், நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எர்னெஸ்தோ கோர்திஸோஸும் இறந்தார்கள். இன்று பாரங்கியா விமான நிலையத்தின் பெயர் எர்னெஸ்தோ கோர்திஸோஸ்.

மற்ற ஊர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பின்லாந்தின் இன்றைய ஃபின்ஏர், 1924 மார்ச்சில் ஹெல்சிங்கியிலிருந்து தாலினுக்கு முதல் பயணம் போனது எஃப் 13-இல். சுவீடனின் ஏரோடிரான்ஸ்போர்ட் அதே ஆண்டு ஜூனில். பொலிவியாவின் லாய்டு ஏரியோ, 1925-இல் அங்கிருந்த ஜெர்மானியர்கள் பரிசாகக் கொடுத்த ஒரே ஒரு எஃப் 13-ஐ வைத்துத் தொடங்கியது. பாரசீகத்திலும் ரஷ்யாவிலும் இதே விமானம். வடதுருவப் பக்கம் ஸ்பிட்ஸ்பெர்கனில் 1923-இல் வால்டர் மிட்டல்ஹோல்சர் வானிலிருந்து படம் எடுத்ததும் இதிலிருந்துதான். சக்கரம், மிதவை, பனிச்சறுக்குக் கட்டை, எதை மாட்டினாலும் போகும். விலைக்கு வாங்க வசதியில்லாத நிறுவனங்களுக்கு, பணத்துக்குப் பதில் பங்கு வாங்கிக்கொண்டு விமானத்தைக் கொடுத்தார் யுங்கர்ஸ். 1919 முதல் 1930களின் தொடக்கம் வரை 300-க்கு மேல் கட்டினார்கள். அந்தக் காலத்துப் பயணிகள் விமானத்துக்கு இது பெரிய எண்ணிக்கை.

இத்தனையும் நிம்மதியாக நடக்கவில்லை. வெர்சாய் உடன்படிக்கையைக் காட்டி நேச நாடுகளின் கண்காணிப்புக் குழு விமானங்களைப் பறிமுதல் செய்தது. 1921-இலிருந்து 1922 மே வரை ஜெர்மனியில் விமானம் கட்டுவதற்கே தடை. எஃப் 13 அதைத் தாண்டிவந்தது. தாண்டாமல் போன ஒன்றும் உண்டு. அடால்ஃப் ரோர்பாக் வடிவமைத்த ஸ்டாக்கன் விமானம், 1920-இல் பறந்தது. நான்கு இஞ்சின், முழு உலோகம், 18 பயணிகள். காலத்தைப் பத்து வருடம் முந்திய விமானம். 1922-இல் உடைத்துப் போடச் சொன்னார்கள், உடைத்தார்கள். எஃப் 13 சிறியதாக இருந்ததும், நிறைய பேர் கையில் போய்ச் சேர்ந்ததுமே அதைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

குறையே இல்லாத விமானம் என்று எண்ணிவிட வேண்டாம். ஜான் லார்சன் என்பவர் இதை அமெரிக்காவுக்கு ஜேஎல்-6 என்ற பெயரில் கொண்டுபோய் 1920-இல் தபால் துறைக்கு விற்றார். அந்த செப்டம்பரிலேயே அடுத்தடுத்து நடுவானில் தீப்பிடித்து விமானிகள் இறந்தார்கள். எரிபொருள் குழாயில் கசிவு. தபால் துறை அவற்றை ஓரங்கட்டியது. அதே ஜேஎல்-6 ஒன்றுதான் 1921 டிசம்பர் கடைசியில் 26 மணி நேரத்துக்கு மேல் தரையிறங்காமல் பறந்து சாதனை படைத்தது என்பது வேறு கதை.

அதைவிடப் பாடம் சொல்லிக்கொடுத்த விபத்து 1930 ஜூலை 21 அன்று இங்கிலாந்தின் மியோப்பம் கிராமத்துக்கு மேலே நடந்தது. பிரான்சின் லெ துக்கேயிலிருந்து குரோய்டனுக்கு வந்துகொண்டிருந்த எஃப் 13 காற்றிலேயே சிதறியது. இருந்த ஆறு பேரும் இறந்தார்கள். பயணிகளில் பிரபுக் குடும்பத்தினர் இருந்ததால் ஊரே பரபரப்பானது. பிரிட்டிஷ் விசாரணையில் வந்த முடிவு அன்றைக்குப் புதிது. மேகத்துக்குள் மேல்நோக்கி அடித்த காற்றில் சிக்கியபோது, இறக்கையை விட்டுப் பிரிந்த கலங்கலான காற்று பின்னால் போய் வாலை உலுக்கி உடைத்திருக்கிறது என்றார்கள். ஜெர்மானிய நிபுணர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. என் கணிப்பில் பிரிட்டிஷார் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தாழ்ந்த இறக்கை உடம்போடு சேரும் அந்த மூலையில் காற்று கெடுவது பின்னாளில் பல விமானங்களில் உறுதியானது. டிசி-3 படத்தைப் பெரிதாக்கி இறக்கையின் வேரைப் பாருங்கள், உடம்போடு குழைவாக, களிமண்ணை விரலால் தடவிவிட்ட மாதிரி ஒரு வளைவு இருக்கும். அலங்காரம் இல்லை, இந்த உலுக்கலுக்கு மருந்து.

வரிகள் எங்கே போயின என்று கேட்டிருந்தீர்கள். காற்று எப்போதும் வரியின் திசையிலேயே ஓடுவதில்லை, இடத்துக்கு இடம் சாய்ந்து ஓடும். சாயும் இடத்தில் ஒவ்வொரு மேடும் ஒரு தடை. தவிர, நெளித்த தகட்டின் பரப்பு தட்டைத் தகட்டைவிட அதிகம், உராய்வும் அதிகம். மணிக்கு 140, 150 கிலோமீட்டரில் போகும்வரை யாருக்கும் வலிக்கவில்லை. வேகம் ஏற ஏற இஞ்சினின் உழைப்பை வரிகள் தின்றன. ரோர்பாக் போன்றவர்கள் வழவழப்பான தோலையே சுமை தாங்க வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். தட்டைத் தகட்டுக்கு உள்பக்கம் நீளவாட்டில் சிறு சட்டங்களை ரிவெட் செய்தால், வளைவைத் தாங்குவதில் தோலும் பங்கு எடுத்துக்கொள்ளும். யுங்கர்ஸின் தோல் எந்தப் பக்கம் கைகொடுக்கவில்லையோ, அந்தப் பக்கமே இது கைகொடுத்தது. போயிங் 247-உம் டிசி-3-உம் இந்த வழி வந்தவை. ஃபோர்டு டிரைமோட்டார் யுங்கர்ஸ் வழி, அதற்காக யுங்கர்ஸ் ஐரோப்பாவில் ஃபோர்டு மேல் காப்புரிமை வழக்குப் போட்டு ஜெயித்தார். வரிவிமானங்களில் கடைசிப் பெரியது யுங்கர்ஸின் ஜேயு 52. பழைய படங்களில் மூன்று இஞ்சினோடு தென்படுவது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

ஜேயு 52, ஜேயு 87 பெயர்களால்தான் எஃப் 13 மறைந்துபோனது என்றும் நினைக்கிறேன். யுங்கர்ஸ் என்றாலே நாஜிக் குண்டுவீச்சு விமானம் என்று ஆகிவிட்டது. ஆனால் 1933-இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, ஹூகோ யுங்கர்ஸை மிரட்டி அவருடைய காப்புரிமைகளையும் கம்பெனியையும் பிடுங்கியது. வீட்டுக்காவலில் வைத்தார்கள். 1935 பிப்ரவரி 3 அன்று, அவருடைய 76-ஆவது பிறந்தநாளில், இறந்தார். ஜேயு 87 அந்த ஆண்டுதான் முதன்முதலில் பறந்தது. அவர் பெயர் மட்டும் அதில் இருந்தது.

நேரில் பார்க்க வேண்டுமானால் மியூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியத்திலும் பாரிஸ் பக்கம் லெ பூர்ஷே அருங்காட்சியகத்திலும் ஸ்டாக்ஹோமிலும் பழைய எஃப் 13 உண்டு. பறப்பதைப் பார்க்க வேண்டுமானால் அதற்கும் வழி இருக்கிறது. ரிமோவா சூட்கேஸ் பார்த்திருப்பீர்கள், அலுமினியத்தில் வரிவரியாக இருக்கும். அந்த வரி எஃப் 13-இலிருந்து வந்தது என்று அந்தக் கம்பெனியே பெருமையாகச் சொல்லும். கம்பெனியைத் தொடங்கிய குடும்பத்துக்காரர் முன்னின்று, பழைய வரைபடங்களையும் பிழைத்திருக்கும் விமானங்களின் அளவுகளையும் வைத்துப் புதிதாக ஒரு எஃப் 13 கட்டி, 2016 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் டூபென்டார்ஃபில் பறக்கவிட்டார்கள். பழைய இஞ்சினை நம்பமுடியாது என்பதால் மூக்கில் அமெரிக்க பிராட் அண்ட் விட்னி போட்டிருக்கிறார்கள். அது ஒன்றுதான் எனக்குக் கண்ணை உறுத்துகிறது. விமானிகள் இன்னமும் வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.